ஈஸ்ட்ரோஜன் ஏற்பியா, அன்றா? ஜிபிஆர்30 புரதம் குறித்த ஆய்வு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் உயிரணுவின் உட்கருவிலுள்ள ஏற்பிகள் வழியே மரபணுக்களைத் தூண்டிச் செயற்படுகிறது என்பது இருபதாம் நூற்றாண்டு உட்சுரப்பியலின் உறுதியான முடிவுகளுள் ஒன்று. ஆனால் அவ்வழியால் விளக்க இயலாத, சில நொடிகளிலேயே தோன்றும் விளைவுகளும் 1960-களிலிருந்து பதிவாகி வந்துள்ளன. அவ்விளைவுகளுக்குரிய ஏற்பி என 2000-ஆம் ஆண்டில் முன்மொழியப்பட்டு, 2007-இல் ஜிபிஇஆர் என்ற பெயரும் பெற்ற புரதமே ஜிபிஆர்30. அப்புரதம் ஈஸ்ட்ரோஜனுக்குரிய ஏற்பிதானா என்னும் வினா இன்றும் தீரவில்லை. இவ்வினா தோன்றி வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஏற்பி என ஒரு புரதத்தை ஏற்பதற்குரிய சான்றுகள் எவை, அவை ஒன்றோடொன்று முரணும்போது அறிவியல் எவ்வாறு நடந்துகொள்கிறது, சான்று முழுமை பெறுமுன் சூட்டப்படும் பெயர் பின்வரும் ஆய்வின் போக்கை எவ்வாறு பாதிக்கிறது ஆகியவை இதன் மையப் பொருள்களாகும்.

குறிச்சொற்கள்: ஈஸ்ட்ரோஜன், ஏற்பி, ஜிபிஆர்30, ஜிபிஇஆர், ஜி புரதம், அநாதை ஏற்பி, பைகார்பனேட்டு, அறிவியல் வரலாறு

1. முன்னுரை

அறிவியல் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வெற்றி பெற்ற கருத்துகளின் வரலாற்றையே எழுதுகின்றனர். முடிவு தெரிந்த பின் பின்னோக்கிப் பார்க்கும்போது ஒவ்வோர் ஆய்வும் அம்முடிவை நோக்கியே நடந்ததுபோலத் தோன்றும். முடிவு எட்டப்படாத வழக்குகளில் இவ்வசதி இல்லை. அங்கே ஒவ்வொரு சான்றையும் அது கிடைத்த காலத்தில் அதற்கிருந்த மதிப்போடு எடை போட வேண்டியிருக்கிறது. ஜிபிஆர்30 அத்தகையதொரு வழக்கு.

மனிதரின் ஏழாம் குரோமோசோமில் இடம்பெற்ற ஒரு மரபணுவின் விளைபொருள் இப்புரதம். 375 அமினோ அமிலங்களாலானது. சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்லும் அமைப்புடையது. ஆராய்ச்சி இதழ்களில் இது குறித்து எழுதப்பட்டவை ஏராளம். மார்பகப் புற்றுநோய், இரத்த அழுத்தம், சர்க்கரை வளர்சிதை மாற்றம், எலும்பு வளர்ச்சி, மூளை நோய்கள் எனப் பல துறைகளில் இதன் பெயர் அடிபடுகிறது. ஆயினும் இதன் இயல்பான தூண்டுபொருள் எது என்னும் அடிப்படை வினாவுக்கு ஆய்வாளரிடையே ஒருமித்த விடை இல்லை. இவ்வளவு எழுதப்பட்ட பின்னும் அடிப்படை வினா ஏன் நிலைத்திருக்கிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

2. ஏற்பி என்னும் கருத்து

ஹார்மோன், ஏற்பி ஆகிய இரு கருத்துகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியவை. 1902-இல் இலண்டனில் வில்லியம் பேலிசும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் செக்ரிட்டின் என்னும் பொருளைக் கண்டறிந்தனர். நரம்பின் துணையின்றி இரத்தத்தின் வழியே செய்தி கொண்டு செல்லும் பொருள்களை ஸ்டார்லிங் 1905-இல் ஹார்மோன் என அழைத்தார். அதே 1905-இல் கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி, நிகோட்டின், கியூரேரி ஆகியவை தசையின் மீது செயற்படும் விதத்தை ஆராய்ந்து, தசையில் ‘ஏற்கும் பொருள்’ ஒன்று இருக்க வேண்டும் என்றார். செருமனியில் பால் எர்லிக் நோய் எதிர்ப்பியல் வழியே வேறு திசையிலிருந்து ஏற்பி என்னும் சொல்லுக்கு வந்து சேர்ந்திருந்தார்.

இக்கருத்தின் தருக்க அமைப்பு கவனிக்கத்தக்கது. லாங்லி ஏற்பியைக் காணவில்லை. விளைவைக் கண்டு காரணத்தை ஊகித்தார். புகையைக் கொண்டு நெருப்பை அறியும் அனுமானம் போன்றது இது. எனவே ஏற்பி என்பது தொடக்கத்தில் ஒரு பொருளின் பெயரன்று. ஒரு செயலுக்குரிய இடத்தின் பெயர். அவ்விடத்தில் எந்தப் பொருள் அமர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் பொறுப்பு பின்வந்தவர்களுக்கு விடப்பட்டது. செயலின் பெயரைப் பொருளுக்குச் சூட்டும்போது நிகழக்கூடிய பிழைக்கான வாய்ப்பு அப்போதே தோன்றிவிட்டது எனலாம்.

3. உட்கரு வழியின் வெற்றி

ஈஸ்ட்ரோஜனைப் பொறுத்தவரை அப்பொறுப்பு சிறப்பாக நிறைவேற்றப்பட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சனும் ஹெர்பர்ட் ஜேக்கப்சனும் 1950-களின் இறுதியில் ட்ரிட்டியம் என்னும் கதிரியக்க ஐதரசனால் அடையாளமிடப்பட்ட ஈஸ்ட்ரடயாலைத் தயாரித்து, வளர்ச்சியடையாத பெண் எலிகளுக்குச் செலுத்தினர். கருப்பை போன்ற இலக்கு உறுப்புகள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டன. பிற திசுக்களிலிருந்து அது விரைவில் நீங்கியது. பிடித்து வைக்கப்பட்ட ஹார்மோன் வேதி மாற்றம் எதற்கும் உள்ளாகவில்லை. ஸ்டீராய்டு ஹார்மோன்கள் நொதிகளால் மாற்றப்படுவதன் மூலமே செயற்படுகின்றன என்னும் அக்காலக் கருத்தை இது அசைத்தது.

1966-இல் டேவிட் டாஃப்டும் ஜாக் கோர்ஸ்கியும் எலிக் கருப்பையிலிருந்து ஏற்பிப் புரதத்தைப் பிரித்தனர். ஹார்மோனுடன் பிணைந்த புரதம் உட்கருவில் தங்கி, டிஎன்ஏ-வின் குறிப்பிட்ட பகுதிகளைப் பற்றி, ஆர்என்ஏ உருவாக்கத்தைத் தூண்டுகிறது என்னும் விளக்கம் படிப்படியாக உறுதியானது. 1986-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் பியர் ஷம்போன் குழுவும் சிகாகோவில் ஜெஃப்ரி கிரீன் குழுவும் மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் முழு வரிசையை வெளியிட்டன. 595 அமினோ அமிலங்கள் கொண்ட அப்புரதம் இன்று ஆல்பா ஏற்பி எனப்படுகிறது. 1996-இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யான்-ஆகே குஸ்டாஃப்சன் குழு எலியின் புராஸ்டேட்டிலிருந்து பீட்டா ஏற்பியைக் கண்டறிந்தது.

1993-இல் ஆல்பா ஏற்பி மரபணு நீக்கப்பட்ட சுட்டெலிகள் உருவாக்கப்பட்டபோது பெண் சுட்டெலிகள் மலடாயின; அவற்றின் கருப்பை ஈஸ்ட்ரோஜனுக்கு இயல்பான மறுமொழி தரவில்லை. பிணைப்பு, மறுமொழி, இருப்பிடம், மரபணு நீக்கத்தின் விளைவு ஆகிய நான்கு வகைச் சான்றுகளும் ஒரே பொருளைச் சுட்டின. ஓர் ஏற்பியை மெய்ப்பிப்பது எவ்வாறு என்பதற்கு இதுவே அளவுகோலாயிற்று. பின்னால் ஜிபிஆர்30 இந்த அளவுகோலால்தான் அளக்கப்பட்டது.

4. விளக்கத்திற்குள் அடங்காத நொடிகள்

மரபணுவைத் தூண்டி, ஆர்என்ஏ உருவாக்கி, அதிலிருந்து புரதம் உருவாவதற்கு நேரம் பிடிக்கும். விளைவு வெளிப்படப் பல நிமிடங்களோ மணிகளோ ஆகலாம். ஆனால் ஸ்டீராய்டுகள் அதனினும் விரைவாகச் செயற்படுவதற்குச் சான்றுகள் முன்பே இருந்தன. மான்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே 1941-இல் சில ஸ்டீராய்டு ஹார்மோன்கள் விலங்குகளை விரைவில் மயக்கமுறச் செய்வதைப் பதிவு செய்தார்.

ஈஸ்ட்ரோஜன் குறித்த முதன்மையான பதிவு கிளாரா சேகோவினுடையது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் பணியாற்றிய அவர், டேவிசுடன் இணைந்து 1967-இல் வெளியிட்ட கட்டுரையில், சூலகம் நீக்கப்பட்ட எலிகளுக்கு ஈஸ்ட்ரடயால் செலுத்திய சில நொடிகளிலேயே கருப்பையில் சுழல் ஏஎம்பி-யின் அளவு உயர்வதைக் காட்டினார். சுழல் ஏஎம்பி என்பது சவ்வு ஏற்பிகள் உயிரணுவுக்குள் அனுப்பும் இரண்டாம் நிலைத் தூதுப்பொருள். அட்ரினலின் போன்ற ஹார்மோன்களுக்கு அது உரியது எனவும், ஸ்டீராய்டுகளுக்கு உட்கருவே உரியது எனவும் துறை எல்லை வகுத்துக்கொண்டிருந்த காலம் அது. 1977-இல் ரிச்சர்ட் பியட்ராசும் சேகோவும் நைலான் இழைகளில் பிணைத்து நிறுத்தப்பட்ட ஈஸ்ட்ரடயாலைக் கருப்பை உள்வரி உயிரணுக்கள் பற்றிக்கொள்வதைக் காட்டி, உயிரணுவின் வெளிப்பரப்பிலேயே ஈஸ்ட்ரோஜன் பிணையும் இடங்கள் உள்ளன என்றனர்.

இம்முடிவுகள் துறையின் மைய நீரோட்டத்தில் உடனே இடம்பெறவில்லை. இதனைப் பழமைவாதத்தின் புறக்கணிப்பு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. உட்கரு வழிக்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய புரதம் இருந்தது. சவ்வு வழிக்கு விளைவு மட்டுமே இருந்தது. விளைவு இருந்தும் அதற்குரிய பொருள் கிடைக்காத இந்த நிலை முப்பது ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. பின்னர் ஒரு புரதம் கிடைத்தபோது அதனை ஏற்பதில் காணப்பட்ட ஆர்வத்திற்கு இந்த நெடுங்காலக் காத்திருப்பும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

5. தூண்டுபொருள் அறியப்படாத புரதம்

1990-களின் நடுப்பகுதியில் மரபணு வரிசை ஒப்பீட்டின் வழியே ஏற்பிகளைக் கண்டறியும் முறை பரவியது. அறிந்த ஏற்பிகளோடு வரிசையில் ஒத்திருக்கும் மரபணுவைப் பிரித்தெடுத்து, அதன் தூண்டுபொருளைப் பின்னர் தேடுவது இம்முறை. தூண்டுபொருள் அறியப்படாதவை அநாதை ஏற்பிகள் எனப்பட்டன.

ஜிபிஆர்30 இவ்வாறே கிடைத்தது. 1996 முதல் 1998 வரை பல குழுக்கள் ஒன்றையொன்று அறியாமல் இதனைப் பிரித்தெடுத்தன. சுவீடனில் லிம்போமா உயிரணுக்களிலிருந்து பிரித்தவர்கள் அதனைக் கீமோகைன் ஏற்பிகளின் உறவாகக் கருதி சிஎம்கேஆர்எல்2 என்றனர். இரத்த ஓட்டத்தின் உராய்வுக்கு உட்படுத்தப்பட்ட நாள உள்வரி உயிரணுக்களில் கண்டவர்கள், ஓட்டத்தால் தூண்டப்படுவது என்னும் பொருளில் எஃப்இஜி-1 என்றனர். ஸ்டான்ஃபோர்டில் மார்பகப் புற்றுநோயை ஆராய்ந்த குழு, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டிகளில் இது மிகுதியாக இருப்பதை 1997-இல் கண்டது.

ஒவ்வொரு பெயரும் அப்புரதம் கண்டறியப்பட்ட சூழலின் நிழலைச் சுமந்திருந்தது. வரிசை ஒப்பீட்டின்படி இது பெப்டைடு, கீமோகைன் ஏற்பிகளுக்கு நெருங்கியது. எனவே தொடக்கத்தில் பெப்டைடுகளே சோதிக்கப்பட்டன, பயன் கிட்டவில்லை. ஜிபிஆர்30 என்னும் எண்ணிட்ட பெயர் இவை எல்லாவற்றிலும் அடக்கமானது. அது ஜி புரதத்தோடு இணையும் ஏற்பிகளின் பட்டியலில் முப்பதாவது என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

6. ஏற்பு: 2000 முதல் 2005 வரை

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் எட்வர்ட் ஃபிலார்டோ குழு வெளியிட்ட ஆய்வு திருப்புமுனையாயிற்று. எஸ்கேபிஆர்3 என்னும் மார்பகப் புற்று உயிரணு வகையில் ஆல்பா, பீட்டா ஏற்பிகள் இரண்டும் இல்லை, ஜிபிஆர்30 உண்டு. அவ்வுயிரணுக்களில் ஈஸ்ட்ரடயால் எர்க் நொதிகளைச் சில நிமிடங்களில் தூண்டியது. ஜிபிஆர்30 மிகக் குறைந்த வேறொரு வகையில் அம்மறுமொழி இல்லை. அப்புரதத்தைப் புகுத்தியபோது மறுமொழி தோன்றியது. உட்கரு ஏற்பிகளை முடக்குவதற்கென உருவாக்கப்பட்ட ஃபுல்வெஸ்ட்ரன்ட் மருந்தும் இங்கே ஈஸ்ட்ரடயாலைப் போலவே தூண்டியது. முடக்கும் மருந்து ஓரிடத்தில் தூண்டும் மருந்தாவது, வேறோர் ஏற்பி உள்ளது என்பதற்கு வலுவான குறிப்பாகத் தோன்றியது.

இதன் மருத்துவ முக்கியத்துவம் வெளிப்படையானது. தமாக்சிபென், ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஆகியவை ஈஸ்ட்ரோஜனின் செயலைத் தடுப்பதற்காக மார்பகப் புற்றுநோயாளர்களுக்குத் தரப்படுபவை. அவையே மற்றோர் ஏற்பியைத் தூண்டுமாயின், சில நோயாளர்களிடம் அம்மருந்துகள் பயனற்றுப் போவதற்கு அது ஒரு விளக்கமாகலாம். ஆகவே வினா ஆய்வகத்தோடு முடிந்துவிடவில்லை.

2005-இல் இரு குழுக்கள் நேரடிப் பிணைப்பைக் காட்டின. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாமஸ், ஃபிலார்டோவோடு இணைந்து, இப்புரதம் உயிரணுவின் புறச்சவ்வில் இருந்து ஈஸ்ட்ரடயாலைப் பற்றுகிறது என்றார். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் எரிக் ப்ராஸ்னிட்ஸ் குழு, ஒளிரும் ஈஸ்ட்ரோஜன் வழிப்பொருள்களைக் கொண்டு, அது உயிரணுவின் உள்ளே எண்டோபிளாச வலையில் இருந்தே செயற்படுகிறது என்றது.

பிணைப்பு உண்டு என்பதில் இரு குழுக்களும் ஒன்றுபட்டன. இடம் எது என்பதில் வேறுபட்டன. புறச்சவ்விலிருந்து இப்புரதம் தொடர்ந்து உள்ளிழுக்கப்படுவதே வேறுபாட்டுக்குக் காரணம் என்னும் விளக்கம் பின்னர் தரப்பட்டது. பிணைப்பின் வலிமையும் நோக்கத்தக்கது. அளக்கப்பட்ட பிணைப்பு மாறிலி ஏறத்தாழ 3 முதல் 6 நானோமோலார் வரை. ஆல்பா ஏற்பியின் பிணைப்பு இதனினும் பத்து மடங்கு அளவுக்கு இறுக்கமானது. மாதவிடாய்ச் சுழற்சியின் உச்சத்திலும் பெண்ணின் இரத்தத்தில் ஈஸ்ட்ரடயால் 1 முதல் 2 நானோமோலாரை ஒட்டியே அமைகிறது. உடலியல் அளவில் இவ்வேற்பி எந்த அளவுக்கு நிறைவுறும் என்னும் ஐயத்திற்கு அப்போதே இடமிருந்தது.

7. பெயர் சூட்டலும் கருவிகளின் பெருக்கமும்

2006-இல் ப்ராஸ்னிட்ஸ் குழு, கணினி வழித் தேர்வையும் உயிரணுச் சோதனையையும் இணைத்து, ஜி-1 என்னும் செயற்கைச் சேர்மத்தை அறிமுகப்படுத்தியது. ஆல்பா, பீட்டா ஏற்பிகளைத் தொடாமல் ஜிபிஆர்30-ஐ மட்டும் தூண்டுவது இதன் சிறப்பு எனக் கூறப்பட்டது. 2009-இல் ஜி-15 என்னும் தடுப்புச் சேர்மம் வந்தது. 2007-இல் பன்னாட்டு மருந்தியல் ஒன்றியத்தின் பெயரிடல் மரபில் இப்புரதம் ‘ஜி புரதத்தோடு இணையும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி’ என்னும் பொருள்படும் ஜிபிஇஆர் என்ற பெயரைப் பெற்றது.

ஜி-1 கிடைத்தபின் ஆய்வின் வடிவமே மாறியது. ஓர் உறுப்பில் ஜி-1 செலுத்தி ஒரு விளைவைக் கண்டால், அது ஜிபிஇஆர் வழியே நிகழ்ந்தது. ஜிபிஇஆர் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆதலின் அது ஈஸ்ட்ரோஜனின் செயல் என எழுதுவது எளிதாயிற்று. இத்தருக்கத்தில் இரு தாவல்கள் உள்ளன. ஜி-1-இன் விளைவு யாவும் இப்புரதத்தின் வழியே நிகழ்வது என்பது ஒன்று. இப்புரதத்தின் செயல் யாவும் ஈஸ்ட்ரோஜனுடையது என்பது மற்றொன்று. முதலாவது தாவலின் பலவீனம் பின்னர் வெளிப்பட்டது. மிகுந்த செறிவில் ஜி-1 உயிரணுவின் நுண்குழல் அமைப்பைக் குலைத்து உயிரணுப் பிரிதலைத் தடுக்கிறது என்பதும், அதற்கு ஜிபிஆர்30 தேவையில்லை என்பதும் காட்டப்பட்டன. இரண்டாவது தாவலைத் தாங்கி நின்றது பெரும்பாலும் பெயரே.

8. மறுப்புகள்

மறுப்பு பெயர் சூட்டலுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கலிபோர்னியாவில் எல்லிஸ் லெவின் குழு 2006-இல், சவ்வில் செயற்படும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வேறொன்றன்று. உட்கருவில் உள்ள அதே ஆல்பா ஏற்பியின் ஒரு பகுதியே சவ்விலும் தங்குகிறது என்று காட்டியது. ஆல்பா, பீட்டா இரண்டும் நீக்கப்பட்ட சுட்டெலிகளின் உயிரணுக்களில் சவ்வுப் பிணைப்பை அவர்கள் காணவில்லை. 2008-இல் பெர்லினில் கிறிஸ்டியானே ஓட்டோ குழு, ஜிபிஆர்30 எண்டோபிளாச வலையில் இருப்பதை உறுதிப்படுத்தி, ஆனால் ஈஸ்ட்ரடயால் அதனைத் தூண்டவில்லை என அறிவித்தது. 2010-இல் மற்றொரு குழு, ஜிபிஆர்30-க்கு உரியனவாகக் கூறப்பட்ட மறுமொழிகள் ஆல்பா ஏற்பியின் குறுகிய வடிவமான ஆல்பா-36 வழியே நிகழ்பவை என வாதிட்டது.

இடையில் 2011-இல் ஆல்டோஸ்டிரோன் என்னும் சிறுநீரகமேற் சுரப்பி ஹார்மோனும் இதன் வழியே செயற்படுகிறது என்னும் ஆய்வு வெளிவந்தது. ஆல்டோஸ்டிரோன் இதனோடு பிணையவில்லை என மற்றோர் ஆய்வு 2014-இல் கூறியது. ஒரே புரதத்திற்கு இரு வேறு ஹார்மோன்கள் உரிமை கோரியதும் அவ்வுரிமை மறுக்கப்பட்டதும் அடித்தளம் உறுதியாகவில்லை என்பதையே காட்டின.

இரு தரப்பினரும் திறமையான ஆய்வாளர்களே; ஒரே உயிரணு வகைகளையே பல நேரங்களில் பயன்படுத்தினர். அவ்வாறிருந்தும் முடிவுகள் மாறுபட்டதற்குப் பல காரணங்கள் சுட்டப்பட்டன. புரதத்தை அடையாளம் காணும் எதிர்ப்பொருள்களின் தனித்தன்மை ஐயத்திற்குரியது. ஆய்வகங்களில் நெடுங்காலம் வளர்க்கப்படும் உயிரணு வகைகள் தமக்குள் வேறுபட்டுப் போகின்றன. செயற்கையாகப் புகுத்தப்படும் புரதம் உரிய இடத்தை அடையாமல் போகலாம். இவை யாவும் நியாயமான விளக்கங்கள். ஆனால் ஒவ்வொன்றும் இரு தரப்பாலும் மற்றவரின் முடிவை விலக்கப் பயன்படுத்தத் தக்கது. எனவே இவற்றால் வழக்குத் தீரவில்லை.

9. மரபணு நீக்கப்பட்ட சுட்டெலிகளின் சாட்சியம்

உயிரணு ஆய்வுகள் முரணியபோது முழு விலங்கின் சாட்சியம் எதிர்பார்க்கப்பட்டது. 2008, 2009 ஆண்டுகளில் பல ஆய்வகங்கள் ஜிபிஆர்30 மரபணு நீக்கப்பட்ட சுட்டெலிகளைத் தனித்தனியே உருவாக்கி ஆய்ந்தன. அவை இனப்பெருக்கம் செய்தன. கருப்பையும் பால்சுரப்பியும் ஈஸ்ட்ரோஜனுக்கு இயல்பாகவே மறுமொழி தந்தன. ஆல்பா ஏற்பி நீக்கப்பட்ட சுட்டெலிகளோடு ஒப்பிடும்போது இது பெரும் வேறுபாடு.

ஆயினும் அவை முற்றிலும் குறையற்றவையாகவும் இல்லை. ஒரு குழு பெண் சுட்டெலிகளில் உயர் இரத்தச் சர்க்கரை, குன்றிய எலும்பு வளர்ச்சி, வயது முதிர்ந்தபோது உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கண்டது. மற்றொரு குழு தைமசுச் சுரப்பியில் மாற்றங்களைக் கண்டது. ஒரு குழு கண்டதை மற்றொன்று எப்போதும் காணவில்லை. மரபணு நீக்கிய முறை, சுட்டெலியின் மரபுப் பின்னணி, வயது ஆகியவை வேறுபட்டன. 2010-இல் வெளிவந்த ஒரு திறனாய்வுக் கட்டுரை இவற்றைத் தொகுத்து, இத்துறையின் அடிப்படை முரண்கள் தீர்க்கப்படாமலேயே உள்ளன எனச் சுட்டியது.

சுட்டெலிகளின் சாட்சியத்தை நிதானமாகப் படித்தால் இரு செய்திகள் கிடைக்கின்றன. இப்புரதம் உடலுக்குத் தேவையான ஏதோவொரு பணியைச் செய்கிறது. அப்பணி ஈஸ்ட்ரோஜனின் நன்கறியப்பட்ட இனப்பெருக்கப் பணி அன்று. முதற்செய்தியை ஆதரவாளரும் இரண்டாவதை எதிர்ப்பாளரும் வலியுறுத்தினர். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருப்பதற்குத் தடை ஏதுமில்லை. அவ்வாறாயின் ஏற்பியின் தூண்டுபொருள் வேறொன்றாகலாம் என்னும் வழி திறந்தே இருந்தது. அவ்வழியில் நடந்தவர்கள் மிகச் சிலர்.

10. பைகார்பனேட்டு: 2024

2024-இல் வெளிவந்த இரு ஆய்வுகள் வழக்கை மீண்டும் திறந்தன. ஒன்றில், உறைகுளிர் மின்னணு நுண்ணோக்கியால் ஜிபிஆர்30-இன் முப்பரிமாண அமைப்பைக் கண்ட சீன ஆய்வாளர்கள், ஈஸ்ட்ரடயால் அதனை நேரடியாகத் தூண்டவில்லை என முடிவு கூறினர். மற்றொன்றில், சப்பானின் ஜூன்டெண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜிபிஆர்30 பைகார்பனேட்டு அயனிக்குரிய ஏற்பி என அறிவித்தனர். மூளையின் நுண்ணிய இரத்த நாளங்களைச் சூழ்ந்துள்ள உயிரணுக்களில் அது இருப்பதையும், பைகார்பனேட்டு அவ்வுயிரணுக்களில் கால்சியம் சமிக்ஞையைத் தூண்டுவதையும், இப்புரதம் இல்லாத சுட்டெலிகளில் இரத்த ஓட்டத் தடையும் மீள்வும் விளைக்கும் மூளைச் சேதம் குறைவதையும் அவர்கள் காட்டினர்.

பைகார்பனேட்டு, குருதியின் அமில-காரச் சமநிலையைக் காக்கும் எளிய அயனி. அதன் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 24 மில்லிமோல். இது ஈஸ்ட்ரடயாலின் உச்சச் செறிவைப்போல ஒரு கோடி மடங்குக்கும் மேற்பட்டது. அதனை ஒரு செய்தியாக உணரும் ஏற்பி உண்டு என்பதே உடலியலில் புதுமையான கருத்து.

இக்கூற்று சரியாயின், பழைய முரண்கள் சிலவற்றைப் புதிய நோக்கில் அணுக இயலும். உயிரணுக்களை வளர்க்கப் பரவலாகப் பயன்படும் ஊடகங்களில் பைகார்பனேட்டு கரைக்கப்பட்டிருக்கிறது. வளர்ப்புப் பெட்டிகளில் வழக்கமாக 5 விழுக்காடு கரியமில வாயு நிரப்பப்படுகிறது. தூண்டுபொருள் இல்லாதது எனக் கருதப்பட்ட ஒப்பீட்டுக் கிண்ணத்திலும் தூண்டுபொருள் நிறைந்திருந்திருக்கும். ஊடகத்தின் அளவு, கரியமில வாயு, சோதனைக் கரைசல் ஆகியவற்றில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் உள்ள வேறுபாடு, ஏற்பியின் அடிப்படை நிலையையே மாற்றியிருக்கக்கூடும். இது மெய்ப்பிக்கப்பட்ட விளக்கமன்று. சோதிக்கத்தக்க ஒரு கருதுகோள்.

இதற்கு இத்துறையிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. வளர்ப்பு ஊடகத்தின் அமிலத்தன்மையை நிறத்தால் காட்டுவதற்குச் சேர்க்கப்பட்ட ஃபீனால் சிவப்பு, மெல்லிய ஈஸ்ட்ரோஜன் தன்மை உடையதாக அமைந்துவிட்டது என 1986-இல் கண்டறியப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் இல்லாத சூழல் என நம்பப்பட்ட ஊடகங்களில் அதன் செயல் ஓரளவு நிகழ்ந்துகொண்டே இருந்தது. அதன்பின் ஃபீனால் சிவப்பு நீக்கிய ஊடகம் ஈஸ்ட்ரோஜன் ஆய்வுகளின் வழக்கமாயிற்று.

2024-இன் முடிவுகளை இறுதித் தீர்ப்பாகக் கொள்வதும் பிழையாகும். ஒரு புதிய தூண்டுபொருள் கிடைத்ததால் பழையது தானே நீங்கிவிடாது. ஓர் ஏற்பி ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களை உணரக்கூடும். 2000, 2005 ஆண்டுகளின் சோதனைகளில் காணப்பட்ட மறுமொழிகளுக்கு இன்னும் விளக்கம் தேவை. ஜிபிஇஆர்-ஐத் தூண்டும் நோக்கில் உருவாக்கப்பட்ட சேர்மம் ஒன்று புற்றுநோயாளர்களிடம் மருத்துவச் சோதனைக்கும் வந்துள்ளது. ஒரு மருந்து பயன் தருவதற்கு அதன் ஏற்பியின் இயல்பான தூண்டுபொருள் தெரிந்திருக்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை. ஆனால் அது எவருக்குப் பயன்படும், எவருக்கு ஊறு செய்யும் என்பதை முன்கூட்டியே அறிய அவ்வறிவு இன்றியமையாதது.

11. முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகளை முன்வைக்கலாம்.

முதலாவது, ஏற்பியை மெய்ப்பிக்கும் நால்வகைச் சான்றுகள் ஆல்பா ஏற்பிக்கு ஒருங்கே கிடைத்ததால், அவை எப்போதும் ஒருங்கே கிடைக்கும் என்னும் எதிர்பார்ப்பு உருவாயிற்று. ஜிபிஆர்30-இல் உயிரணு மறுமொழி ஒன்றைக் கூறியது. மரபணு நீக்கம் வேறொன்றைக் கூறியது. பிணைப்பும் இருப்பிடமும் வழக்கிலேயே நின்றன. சான்றுகள் முரணும்போது அவற்றுள் எதற்கு முதன்மை என்பதைத் துறை முன்னரே வகுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வோர் ஆய்வகமும் தான் வலிமையாகச் செய்யவல்ல சோதனைக்கே முதன்மை அளித்தது.

இரண்டாவது, பெயர் நடுநிலையானது அன்று. சிஎம்கேஆர்எல்2, எஃப்இஜி-1 ஆகிய பெயர்கள் நிலைத்திருந்தால் இப்புரதத்தைக் குறித்து எழுப்பப்பட்டிருக்கும் வினாக்கள் வேறு. ‘இப்பொருளை எது தூண்டுகிறது’ என்னும் வினா, ஜிபிஇஆர் என்னும் பெயருக்குப் பின் ‘ஈஸ்ட்ரோஜன் இதன் வழியே என்ன செய்கிறது’ என்னும் வினாவாக மாறியது. மூளையின் இரத்த நாளங்களில் இப்புரதம் இருப்பதைக் கண்டவர்களும் அதனை ஈஸ்ட்ரோஜனோடு தொடர்புபடுத்தியே பெரிதும் விளக்கினர். இரத்த ஓட்டத்தோடு இதனை இணைத்த எஃப்இஜி-1 என்னும் மறக்கப்பட்ட பெயர், 2024-இன் முடிவோடு நெருங்கி நிற்பது கருதத்தக்கது. அது முன்னறிவு அன்று. ஆனால் ஒரு தடயம் கைவிடப்பட்டிருந்தது என்பதை அது நினைவூட்டுகிறது.

மூன்றாவது, சேகோ 1967-இல் கண்ட நொடிகள் எவ்வகையிலும் பொய்யாகவில்லை. ஈஸ்ட்ரோஜனின் விரைவு விளைவுகள் உள்ளன; அவற்றுள் பலவற்றிற்குச் சவ்வில் தங்கும் ஆல்பா ஏற்பியே போதுமான விளக்கம் தருகிறது. ஜிபிஆர்30 ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அன்று என முடிவாகுமானால், ஒரு மெய்யான நிகழ்வும் ஒரு மெய்யான புரதமும் கால் நூற்றாண்டுக் காலம் தவறாக இணைக்கப்பட்டிருந்தன என்றாகும். ஏற்பிதான் என முடிவாகுமானால், மறுத்தவர்களின் சோதனைகள் ஏன் தவறின என்பதை விளக்கும் கடமை எஞ்சும். இரு நிலையிலும் எதிர்மறை முடிவுகளை வெளியிட்ட ஆய்வுகளே வழக்கைத் தெளிவாக்கியுள்ளன. அவற்றைப் பிழையென ஒதுக்காமல் சான்றெனப் பதிவு செய்வது அறிவியல் வரலாற்றின் பணியுமாகும்.